குசினிச் சுவரில் சாத்திய துப்பாக்கி

டென்மார்க்கின் விபோர்க் நகரத் துப்பாக்கிக் கடையில் என் மகள், கிளப்பில் குறிபார்த்துச் சுடுவதற்கு மலிவான சின்ன செமி ஆட்டோமெட்டிக் ரைஃபிள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் எடுத்து நீட்டியதில் துப்பாக்கி எண்ணெய் மணத்தது.

யாழ்ப்பாணத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, வீடு சோதிக்க வந்த சிப்பாய் ஒருவன் தன் துப்பாக்கியை எங்கள் குசினிச் சுவரில் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்தான். அவன் போனதும் அம்மா அந்தச் சுவரைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்.

"இன்னும் மணக்குதோ பிள்ளை?"

"இல்லையம்மா" என்றேன். அவர் நம்பவில்லை. அன்று குசினியில் அடுப்பு மூட்டவேயில்லை.

"அம்மா, இதுதான் விலை குறைவு. எடுக்கட்டோ?" என்றாள் மகள்.

மறுக்கவும் அலுப்பாக இருந்தது. "எடு. ஆனா வீட்டுக்குக் கொண்டு வராதை, கிளப்பிலையே வை."

"ஏன்?"

இத்தனை வருடமும் அந்தச் சுவரைப் பற்றி அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை.

"வா, காரிலை சொல்லுறன்" என்றேன்.