சேதுபதியின் இலை

கம்போங் செட்டிக்குள் வாழ்க்கைப்பட்டுப் போன ரப்பர் தோட்டத்துப் பெண் அஞ்சலை. போன புதிதில் அந்த வீட்டார் பேசுவது ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை. நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை, வாயைத் திறந்தால் மலாய். பல தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்து, உள்ளூர்ப் பெண்களைக் கட்டி இங்கேயே ஊன்றிவிட்ட தமிழ் வணிகர்களின் வம்சம்தான் அந்தச் செட்டி இனம். கணவன் பொன்னுதுரைக்குத் தமிழில் சாமி பெயர்களும் இரண்டு வசவுகளும்தான் தெரிந்திருந்தன. பிறகு அவன் பேசிப் பேசி இவளுக்கு மலாய் வந்தது, இவள் திட்டித் திட்டி அவனுக்குத் தமிழ் வந்தது. ஊர்க்காரர்களிடம் அவள் அதிகம் பேசமாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள். மற்ற நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டில் அவளுக்கு உடனே பிடித்துப்போனது பார்ச்சு. போகி நாளில் நடுவீட்டில் வரிசையாக வாழையிலை விரித்து, செத்துப்போனவர்களுக்கு அவரவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்பார்கள். சமைக்கிறவள் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். வந்தவர்கள் சாப்பிடட்டும் என்று பேசாமல் நிற்க வேண்டும். அதன்பிறகு உள்ளே போய் அதே இலைகளில் இருப்பவர்கள் சாப்பிடுவார்கள். அந்த இலையில் கை வைத்தவன் அந்த வீட்டு ஆள். வெட்டுக்குத்துப் பகையாக இருந்தாலும் செத்தவன் இலையில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால், அவனைப் பற்றிய பழைய கணக்கை அப்புறம் வாயில் எடுக்கக் கூடாது. அது கம்போங்கின் கட்டு.

அவள் தம்பி தியாகுவுக்கு மட்டும் அந்த வரிசையில் இலை இல்லை. மாமியார் ஒருமுறை கேட்டாள். அஞ்சலை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். இலை போட்டால் செத்துவிட்டான் என்று ஆகிவிடும்.

ஜப்பான்காரன் காலம். எல்லா வீட்டிலும் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. தோட்டத்தில் வேலை இல்லாமல் தியாகு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கிழங்கு எங்கே போதும்? அப்போதுதான் கடைத்தெருவில் கூலி ஆள் சேர்க்கும் குத்தகைக்காரராக இருந்த சேதுபதி வெள்ளை வேட்டியோடு வாசலில் வந்து நின்றார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, அங்கே அரிசிச் சோறு என்றார். போகிற ஆளின் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி முன்கூட்டியே என்றார். மூட்டையைத் தானே தோளில் இருந்து இறக்கி வைத்தார். தியாகு போனான். அவன் போன அன்று மாலை அஞ்சலை அந்த அரிசியை உலையில் போட்டாள். வீடே சோற்று வாசனையில் கிறங்கிப்போனது. அவளும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். மூட்டை தீர்ந்தது, மூன்று மாதம் தீர்ந்தது, சண்டையும் தீர்ந்தது. தியாகு வரவில்லை. கம்போங்கைச் சுற்றி இன்னும் சில வீட்டுப் பிள்ளைகளும் வரவில்லை. சேதுபதிக்கு லோரிகள் வந்தன, மாடி வீடு வந்தது. கடைசியில் சர்க்கரை நோயில் காலை எடுத்து, மெத்தையில் செத்தார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் ஆனபோது விழாக் கமிட்டி ஒன்று முளைத்தது. ஒவ்வோர் இனத்திலிருந்தும் ஊருக்கு உழைத்த ஒரு பெரியவர். மேடையில் அவர் படம், படத்துக்கு மாலை, அந்தந்த இனத்தின் வழக்கப்படி ஒரு மரியாதை. மலாய்க்காரருக்கு ஒரு வாத்தியார். அவர் வாழ்நாளில் போட்டோ எடுத்துக்கொள்ளாதவர் என்பதால் சினிமாப் பலகை எழுதுகிறவனை விட்டு வரையச் சொன்னார்கள். அவன் கைப் பழக்கத்தில் மீசையை முறுக்கி, உதட்டுக்குச் சிவப்பும் பூசிவிட்டான். சீனருக்கு ஒரு பலசரக்குக் கடைக்காரர், போர்த்துகீசியருக்கு ஒரு பிடில்காரர், தமிழ் முஸ்லிமுக்கு, அஞ்சலையின் சிநேகிதி மஜீதாவின் கணவனுடைய பாட்டனார் உமர் ராவுத்தர். தமிழருக்கு ஒரு கோயில் தர்மகர்த்தா. மிச்சம் இருந்தது செட்டி இனம்.

அந்த இடத்தில்தான் சேதுபதியின் மகன் ராஜரத்தினம் தன் அப்பாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். கமிட்டித் தலைவரே அவர்தான். தமிழர் வரிசையில் இடம் கிடைக்காமல் போனதும், அப்பாவைப் பெற்றவள் கம்போங் செட்டிக்காரி என்பது அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. உயிரோடு இருந்தவரை சேதுபதி அந்த வழியாகப் போகும்போது, "தமிழ் தெரியாத தமிழனுங்க, கும்புடத் தெரிஞ்ச மலாய்க்காரனுங்க" என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போவார். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நம் ஆள் ஒருவராவது மேடையில் இருக்கட்டுமே என்று கம்போங் பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள்.

ராஜரத்தினம் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். பொன்னுதுரை அவரிடம்தான் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்பாவுக்கு மேடையிலயே பார்ச்சு போடணும். நீங்கதான் சமைக்கணும்."

"கம்போங்ல எத்தனையோ பேர் இருக்காங்களே, மொதலாளி."

"இருக்காங்க. ஆனா நீங்க செஞ்சாத்தான் நல்லாருக்கும். செஞ்சிட்டு, எல்லாரும் பாக்க நீங்களே மொத வாய் எடுத்துக்கணும். என்ன பொன்னுதுரை?"

பொன்னுதுரை தன் செருப்பைப் பார்த்தான். கார் போன பிறகு, "தா' பாயா லா, அஞ்சலே. புடிக்கலேன்னா வேணாம்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அன்றிரவு படுத்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ராஜரத்தினத்துக்கு வேண்டியது அவள் கைச் சமையல் இல்லை, அவள் வாய். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிற வீடுகள் இருந்தன. தியாகுவின் அக்காவே சேதுபதி இலையில் சாப்பிட்டுவிட்டால் அந்த முணுமுணுப்புக்கு அன்றோடு பூட்டு. நாக்கின் அடியில் ஏதோ அழுகினதை வைத்துக்கொண்டது போல் இருந்தது. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

விழா அன்று விடியும் முன்னே சமைத்தாள். தேங்காய்ப் பால் சோறு, தேங்காய்ப் பால் விட்ட மீன் குழம்பு, மிளகாய் அரைத்த சம்பல், கோழி. ஒன்பது மணிக்கு மேடையில் இலை போட்டாகிவிட்டது. தலைக்கு மேலே தகரக் கூரை. படத்தில் சேதுபதி கோட்டுப் போட்டுக்கொண்டு, முன்னால் இருக்கும் மீனையே பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தார். பெரிய அதிகாரி வரவில்லை. பத்தரைக்கு வருவார் என்றார்கள். பன்னிரண்டு என்றார்கள். முற்றத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியவர்கள் இலையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். ஒருவர் சாம்பலை விளக்கடியில் தட்டினார். ஈ மொய்த்தது. விளக்கு இரண்டு தடவை அணைந்தது.

மேடைக்குப் பின்னால் மஜீதா வந்து பக்கத்தில் நின்றாள். ஒலிபெருக்கியில் உமர் ராவுத்தர் ஏழைகளுக்கு வாரி வழங்கிய வள்ளல் என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

"வள்ளலாம்ல? பசின்னு வந்தவனுக்கு ஒரு பேரீச்சம்பழம் குடுத்தா கொட்டைய திருப்பிக் கேப்பாரு எங்க வீட்டுப் பெரிய வாப்பா."

அஞ்சலைக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "உங்களோடது கஞ்சத்தனந்தானே, மஜீதா."

மஜீதா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "நீ திங்கப் போறியா புள்ள?"

"லோரி சாவி அவர் கையில இருக்கு."

"அது சரி." மஜீதா மூக்கை உறிஞ்சினாள். "என்னா வாடை இது? உன் கொழம்பா?"

குழம்புதான். மதியம் ஒரு மணி வெக்கையில் தேங்காய்ப் பால் திரிந்து, மேலே நுரை கட்டியிருந்தது. சோறு நூல் விட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் அதிகாரியின் கார் வந்தது. கைதட்டல், மாலை, பேச்சு. தன் அப்பா ஒரு தூய செட்டி என்றும், செட்டி மக்களுக்காகவே வாழ்ந்தவர் என்றும், ஜப்பான்காரன் காலத்தில் பட்டினி கிடந்த வீடுகளுக்குத் தம் தோளிலேயே அரிசி மூட்டை சுமந்தவர் என்றும் ராஜரத்தினம் தழுதழுத்தார். கூட்டத்தில் சில தலைகள் குனிந்தன. ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒரு பெண் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

சேதுபதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. அதிகாரி பசியோடு வந்திருந்தார். நேராக இலையில் கையை வைத்தார். வாயில் போட்டவர் மெல்லுவதை அப்படியே நிறுத்தினார். பிறகு எல்லோரும் பார்க்கிறார்கள் என்று விழுங்கினார். "செடாப்," என்றார். மிக நன்றாக இருக்கிறதாம். அவர் சொன்னதும் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் புளித்த சோற்றை எடுத்து வாயில் வைத்து, கண்ணில் நீர் வர விழுங்கி, செடாப், செடாப் என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் மீசையில் நூல் தொங்கியது. அஞ்சலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாற்றம் குழம்பில் மட்டும் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"இப்ப நம்ம அஞ்சலை அக்கா," என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

மேடை ஏறினாள். அத்தனை பேர் முன்னால் நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ராஜரத்தினம் ஒரு கவளத்தைத் தானே எடுத்து அவள் முன் நீட்டினார். அவர் விரல் இடுக்கில் மஞ்சளாகக் குழம்பு வழிந்தது.

"சாப்புடுங்கக்கா. அப்பா ஆத்மா குளிரட்டும்."

"வேண்டாங்க."

"ஒரு வாய்தான்." சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தார். "பொன்னுதுரை பாத்துக்கிட்டிருக்கான்."

"உங்கப்பா அரிசிய ஒரு தடவ தின்னுட்டேன், மொதலாளி," என்றாள் அஞ்சலை. "என் தம்பி போன அன்னிக்கு. அது போதும்."

மெதுவாகத்தான் சொன்னாள். மைக் அவர் கையில் இருந்ததால் திடல் முழுக்கக் கேட்டது. நீட்டிய கவளம் நீட்டியபடி நின்றது. யாரும் கை தட்டவில்லை. சபாஷ் என்று சொல்லவுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் முந்தானையை இறக்கிவிட்டு அவளையே பார்த்தாள். அதிகாரி என்ன, என்ன என்று மலாயில் கேட்டார். கமிட்டியில் ஒருவர், வெட்கப்படுகிறாள் என்று மொழிபெயர்த்தார். பேண்டு வாத்தியம் தொடங்கியது.

அஞ்சலை இறங்கி, பின்னால் இருந்த தன் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை. பாத்திரத்தில் போனாலும் கையில் இருந்தது. பொன்னுதுரை வந்து பக்கத்தில் குந்தினான். ஒரு சட்டியை அவனும் எடுத்துத் தேய்த்தான்.

"நாளைக்கி சாவி கெடைக்காது," என்றான்.

"தெரியும்."

"கிளேபாங்ல ஒரு சீனன் லோரிக்கு ஆள் கேட்டான். பாக்கலாம்." சற்று நேரம் தேய்த்தான். "உன் தம்பிக்கி என்னா புடிக்கும்?"

அஞ்சலை கையை முகர்ந்து பார்த்து, மறுபடி புளியைப் போட்டுத் தேய்த்தாள். பதினைந்து வருடமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்டுவிடுவார்களோ என்று அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

"சோறு," என்றாள் கடைசியில். "கொழம்பு கூட வேணாம்பான். கெழங்கத் தின்னு தின்னு வெறுத்துப்போய், வெறுஞ்சோறு போதும்க்கா, அப்பிடிம்பான்."

"போகிக்கி ஒரு எல கூடப் போடலாமா?"

சாக்கடையில் எண்ணெய் மிதந்து மெல்ல நகர்ந்தது. அது கண்ணில் படாத தூரம் போகும்வரை அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடலாம்," என்றாள். "ஆனா அரிசிய நான் போயி வாங்கிட்டு வரேன். வாசல்ல யார் கொண்டாந்து எறக்கினாலும் வாங்கி வச்சிடாத."