தேனீக்குப் பதில் கண்டக்டர்

கண்டக்டர் பஸ்ஸில் எத்தனையோ குடிகாரர்களை அசராமல் இறக்கிவிட்டவர். ஆனால் ஒருநாள் காதில் தேனீ கொட்டியதும் விசிலை ஊதிக்கொண்டே வண்டியிலிருந்து குதித்து ஓடிவிட்டார். அதைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் டிப்போவில் இல்லை.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மனைவி தன் மானாவாரி நிலத்தில் வீரிய ஒட்டு சூரியகாந்தி போட்டாள். மழை பேருக்குத்தான் பெய்தது. இருந்தும் செடிகள் சொல்லி வைத்தாற்போல் ஒரே உயரத்துக்கு எழுந்து நின்றன. மொட்டு கட்டும் சமயத்தில், தேனீ வளர்க்கும் மைத்துனன் வந்தான்.

"அத்தான், நாலு பெட்டி கொண்டாந்து வைக்கிறேன். இந்தக் காஞ்ச காட்டுல தேனீயே இல்ல. மகரந்தம் சேரலன்னா நடுவுல எல்லாம் பதராப் போயிடும்."

"பெட்டி வந்தா நான் வீட்ட விட்டே போயிடுவேன்."

மனைவி உடனே பதில் சொல்லாமல் சற்று யோசித்தது கண்டக்டருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பெட்டி வரவில்லை. பூ வந்தது. மனைவி பழைய போர்வையைக் கிழித்து, இரண்டு கைக்கும் உறை தைத்துக் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"தேனீ வேண்டாம்னீங்கல்ல? அந்த வேலைய நீங்க பாருங்க. பூவ மெதுவாத் தடவிட்டு அடுத்த பூவுக்குப் போகணும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்."

காலை தோறும் கண்டக்டர் வரிசை வரிசையாகப் பூ முகங்களைத் தடவிக்கொண்டு போனார். சட்டை, மீசை எல்லாம் மஞ்சள் தூள்.

"என்ன கண்டக்டரே, பிள்ளைங்களுக்கு மூஞ்சி துடைச்சு விடுறீங்களா?" என்று பாதையில் போகிறவர்கள் கேட்டார்கள். முதலில் முறைத்தார். அப்புறம், "இதுங்க உங்க பிள்ளைங்க மாதிரி இல்ல, ஆடாம நிக்குதுங்க" என்று சொல்லப் பழகினார்.

கடைக்கோடி வரிசைகளுக்கு வரும்போது இடுப்பு கழன்றுவிடும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவற்றை அப்படியே விட்டுவிடுவார்.

அறுவடையன்று மனைவி முன்வரிசைப் பூ ஒன்றை உடைத்தாள். நடு வரைக்கும் கறுகறுவென்று மணி. கண்டக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்து அவள் நேராகக் கடைக்கோடிக்குப் போய் ஒன்றை உடைத்து ஊதினாள். பாதிக்கு மேல் பறந்தது. அந்தப் பூவை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அடுத்த பட்டத்தில் விதை ஊன்றிய கையோடு அவரே மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"நாலு பெட்டியையும் கொண்டா. ஆனா ஒண்ணு, பெட்டி வாசல் எதுவும் வீட்டுப் பக்கம் பாக்கக்கூடாது."

"சரி அத்தான். பூக்கிற சமயத்துல காட்டுக்கு வருவீங்கல்ல?"

"உங்க அக்கா வருவா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.