இடைவேளைக்கு ஒரு சிகரெட்

அந்தச் சலவைக்கூடத்தில் சிகரெட் குடிக்கிறவனுக்குத்தான் இடைவேளை. குடிக்காதவன் வெளியே போய் என்ன கிழிக்கப்போகிறான் என்பது மேஸ்திரியின் வாதம். ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டெடுத்து மடிக்கிற வேலை. உள்ளே பற்றவைத்தால் வெள்ளைத் துணியில் வாடை ஏறிவிடுமாம். அதனால் பின்பக்கத் தகரக் கொட்டகை. செல்போனில் பேசுவதும் அங்கேதான்.

இஸ்திரிக்காரர் அந்தக் கொட்டகையின் பழைய ஆள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. சாப்பிட்டார், தூங்கினார், ஊதித் தள்ளினார். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதும் "சந்தோஷம்மா" என்று சொன்னார், அவ்வளவுதான்.

"குழந்தைக்கு மூச்சு இழுக்குதுப்பா. நீங்க அந்தக் கருமத்தை விடுங்க, அப்புறம் பேரனைத் தூக்கலாம்" என்றாள் மகள். சிகரெட்டை விட உதவும் இலவச எண் ஒன்றை அவரது போனில் போட்டுக்கொடுத்தாள்.

பேரனைத் தூக்க வேண்டும் என்று மட்டும் அவருக்கு இருந்தது. கூப்பிட்டார். எதிர்முனையில் ஒரு அம்மா. "ஆசை வந்தா கொஞ்ச நேரம் தள்ளிப்போடுங்க ஐயா. தானா அடங்கிடும்." நிஜமாகவே அடங்கியது. அந்த அம்மா தினமும் கூப்பிடுவதாகச் சொன்னாள். ஆனால் இவர் வேலை முடிவதற்குள் அவர்கள் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். இடைவேளையில்தான் பேச முடியும். இடைவேளை வேண்டுமென்றால் கையில் சிகரெட் வேண்டும். கூத்தைப் பாருங்கள்! விடுவதற்காக ஒன்றைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஊதுகிறவர்கள் நடுவில் நின்று பேசினார் மனுஷன்.

ஒருநாள் மேஸ்திரி பார்த்துவிட்டார். "என்னய்யா, நெருப்பு இல்லையா? இந்தா." அவரே பற்றவைத்தார். இஸ்திரிக்காரர் வாயில் வைக்கவில்லை. அது விரல்வரை எரிந்து முடிந்தது.

அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, மகள் வந்து நின்றாள், தோளில் பேரனோடு. அப்பா விட்டுவிட்டார் என்ற சந்தோஷம் முகமெல்லாம். இவர் கையை நீட்டினார். கிட்டே வந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா."

"நான் குடிக்கலம்மா."

"சின்ன வயசுலேர்ந்து இதையேதான்ப்பா கேக்குறேன்."

போர்வையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். உச்சந்தலை மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. நீட்டிய கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

மறுநாள் அந்த அம்மா கூப்பிட்டாள்.

"இனிமே கூப்பிடாதீங்கம்மா."

"ஏன் ஐயா, மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?"

"இல்லம்மா. உங்ககூடப் பேசிட்டுப் போனா சட்டை நாறுது."

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, இவர் போனை வைத்துவிட்டு மேஸ்திரியிடம் போனார்.

"நான் விட்டுட்டேன்."

"அப்ப உனக்கு இடைவேளை கிடையாது."

"சரி."

ஊதுகிறவர்கள் எல்லோரும் கொட்டகைக்குப் போன நேரத்தில் ஆசை வந்தது, நெஞ்சு முழுக்க. தள்ளிப்போடுங்க என்று சொல்ல யாருமில்லை. எதிரே துணியின் மறுமுனையைப் பிடித்திருந்த, சிகரெட் குடிக்காத பையன், "என்னண்ணே, உங்க பக்கம் மடிப்பு கோணுது?" என்றான்.

"ஒண்ணுமில்ல, நல்லா இழுத்துப் பிடி" என்றார்.