கலியாணம் சொல்லப் போனோம்

நாகப்பட்டினத்தில் காலையில் ஏறிய கப்பல் காங்கேசன்துறையை எட்ட நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. திங்கட்கிழமை. கடலில் பெரிய அலை இல்லை. ஆனாலும் என் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் வழியெல்லாம் ஓர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார். துறைமுகத்தில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, உள்ளே பட்டுச்சேலையும் முறுக்கு அச்சும் இருப்பதைக் கண்டு, யாருக்குக் கலியாணம் என்று கேட்டார். தோழியின் மகளுக்கு என்றேன். தோழி எந்த ஊர் என்றார். அதற்குத்தான் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வசந்தா ஐந்து வயதில் படகில் தமிழ்நாட்டுக்கு வந்தவள். எங்கள் ஊர் அணைக்குப் பக்கத்தில் இருந்த அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே பெயின்டர் ரவியைக் கட்டிக்கொண்டு, அங்கேயே சுகன்யாவைப் பெற்றாள். நானும் அவளும் ஒரே தையல் கம்பெனியில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து பத்து வருடத்துக்கு மேல் சட்டைக் காலர் தைத்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்பு, ரவியின் அப்பா விட்டுப் போன காணியில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று மூவரும் யாழ்ப்பாணம் திரும்பினார்கள். திரும்பினார்கள் என்று எழுதுகிறேன். சுகன்யா அந்த ஊரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். இப்போது அவளுக்குத்தான் கலியாணம். சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கோப்பாயிலிருந்து தன் அப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்த வாழைத்தோட்டக்காரர் மகன் பிரதீபன், மாத்திரை தீராத நாட்களிலும் வரத் தொடங்கியிருக்கிறான்.

துறைமுக வாசலில் ஆட்டோ பிடித்தேன். சுன்னாகத்துக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கும். இலங்கைக் காசில் ஆயிரத்து இருநூறு ரூபாய். தெல்லிப்பழை, மல்லாகம் என்று நேராகப் போகிற சாலை. இரண்டு பக்கமும் செம்மண்ணில் வெங்காயப் பாத்திகள், இடையிடையே புகையிலை, பனை. ஓட்டுநர் என் பேச்சைக் கேட்டுவிட்டு இந்தியாவோ என்றார். யார் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும், "ஓ, உந்த இந்தியா ஒழுங்கையோ" என்று தலையாட்டினார். ஒழுங்கை என்பது நம் ஊர்ச் சந்து. அதன் கடைசியில் இருக்கும் ஐந்து வீடுகளும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர்களுடையவை என்பதால் அந்தப் பெயர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அங்கே குடியிருக்கும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஊரின் உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்று வசந்தா கேட்டுக்கொண்டதால், சுன்னாகம் சந்தையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வசந்தா படலையிலேயே, நம் ஊரில் வேலிக்கதவு என்போமே, அங்கேயே நின்றிருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். சிமென்ட் பூசாத சுவர்களுக்கு உள்பக்கம் ரவி தன் கையால் இளம்பச்சை அடித்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே கதையெல்லாம் கேட்டேன். கலியாணம் ஞாயிற்றுக்கிழமை, மண்டபம் சொல்லியாயிற்று, தாலி செய்தாயிற்று. அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. இங்கே கலியாணத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பலகாரச்சூடு வைக்கிறார்கள். அயல்வீட்டுப் பெண்கள் கூடி, பெண் வீட்டு அடுப்பில் கலியாணப் பலகாரங்களைச் சுட்டுக் கொடுப்பது. அதைக் கடையில் வாங்கி நிரப்பினால் அந்த வீட்டுக்கு ஆட்கள் இல்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் முதலில் கவனிப்பார்களாம். வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். மூன்று வருடத்தில் ஒழுங்கையின் முன்பக்க வீடுகளிலிருந்து ஒரு கலியாணத்துக்கும் இவர்களை யாரும் அழைத்ததில்லை. கண்டால் சிரிப்பார்கள், தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண்மணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பெயர் ஜெயராணி. பிரதேச சபை உறுப்பினர், நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்பு பாலர் பள்ளி ஆசிரியை. இந்த ஐந்து வீட்டுக்காரர்களுக்காக அவர் எங்கெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார் என்பதை ரவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பிரஜாவுரிமை அலுவலாக ஒவ்வொரு அரசாங்க அலுவலகமாக, கந்தோர் என்கிறார்கள், அங்கெல்லாம், பிறகு ஒழுங்கைக்கு விளக்குப் போட. விளக்குப் பேச்சு சபையில் வந்தபோது ஒருவர், அவர்கள் இந்தியாக்காரர்தானே, முதலில் ஊர்ச்சனத்துக்குச் செய்வோம் என்றாராம். ஜெயராணி எழுந்து, இருட்டில் விழுந்தால் முறிகிற கால் இந்தியாக் காலா ஊர்க்காலா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டாராம். விளக்கு வந்துவிட்டது.

ஆனால் பலகாரச்சூடு அப்படி முடிகிற காரியம் இல்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ஜெயராணி சொன்னார்: "சபையிலை நிண்டு கத்தி லைற் போடுவிக்கலாம். ஒருத்தற்றை வீட்டுக்கு ஒருத்தர் போங்கோ எண்டு தீர்மானம் போடேலாது. நாங்கள்தான் போய்க் கேக்கோணும். வெளிக்கிடு வசந்தா."

இங்கே கலியாணத்துக்கு அழைப்பதைக் கலியாணம் சொல்வது என்கிறார்கள். அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் சொன்னதாக ஆகாது. போய் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்து, வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் மூவரும் ஒழுங்கையின் முகப்பிலிருந்து தொடங்கினோம். என்னை எதற்குக் கூட்டிப்போனார்கள் என்று முதலில் புரியவில்லை. இரண்டு வீடு கடந்ததும் புரிந்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறி ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால், இந்தப் பெண்ணுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஆகிறதல்லவா. என்னைக் கதிரையில் உட்காரவைத்து எங்கள் ஊரில் வெங்காயம் என்ன விலை என்று கேட்டார்கள். அன்று காலை சுன்னாகம் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ முந்நூற்றைம்பது போனதாம். பெரும்பாலும் எல்லோரும் பார்ப்போம் என்றார்கள். வருகிறேன் என்று நாகேஸ் அக்கா ஒருவர்தான் வாய்விட்டுச் சொன்னார். முகப்பு வீட்டுக்காரர், ஆடு வளர்ப்பவர். பலகாரம் சுட்டு வருடக்கணக்காகிறது, கை மறந்திருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

கடைசியாகப் பரமேஸ்வரி அம்மா வீடு. வசந்தாவின் வீட்டுக்கு அடுத்த வளவு. நடுவில் தென்னோலை முடைந்த ஒரு கிடுகு வேலி. அறுபது வயதைத் தாண்டியவர். கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன; மகனும் மருமகள் சர்மிளாவும் கூட இருக்கிறார்கள். எங்களை உள்ளே அழைத்தார், கதிரை போட்டார், சர்மிளாவிடம் தேத்தண்ணீர் வைக்கச் சொன்னார். அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் பேசினார்.

"அரசாங்க வீட்டுத்திட்டம் எண்டால் உங்கடை பேர்தான் முதல். போனவைக்கு அங்கையும் சோறு, இஞ்சையும் வீடு. நாங்கள் ஒரு இடமும் போகேல்லை. இந்த வளவுக்குள்ளை பங்கர் வெட்டிக்கொண்டு கிடந்தனாங்கள். எப்பிடி இருக்கிறியள் எண்டு எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை."

ஜெயராணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வசந்தா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவள் பேச்சு எப்போதும் பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் சாய்ந்துவிடும்.

"நீங்க சொல்றது சரிதான்மா. நீங்க பட்டது எனக்குத் தெரியாது. ஆனா எனக்கு அப்ப அஞ்சு வயசு. படகுல ஏறுறியான்னு என்னையும் யாரும் கேக்கல."

பரமேஸ்வரி அம்மா தேத்தண்ணீரைக் குடியுங்கோ, ஆறுது என்றார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஜெயராணி ஸ்கூட்டரில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டே எங்களோடு நடந்தார். அந்த அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம் என்றார். இருந்தவர்கள் பட்டதைக் கேட்க ஆளில்லாதபோது, வந்தவர்களுக்குக் கிடைப்பது மட்டும் கண்ணில் பெரிதாகத் தெரியும் என்றார். அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவின் கூரைத் தகரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் ரவி முற்றத்தில் கல் அடுப்பு மூட்டினார். தாச்சி என்று இவர்கள் சொல்லும் பெரிய இரும்புச் சட்டி மண்டபத்துக்காரரிடம் இரவல். வறுத்த பயற்று மா, அரிசிமா, சீனி, தேங்காய் எல்லாம் தயார். ஆனால் எது எந்தப் பக்குவத்தில் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. முகாம் வீடுகளிலிருந்து வந்த மற்ற நான்கு பெண்களுக்கும் தெரிந்தது ரவா லட்டும் மைசூர்பாகும்தான். எல்லோரும் ஜெயராணியைப் பார்த்தோம். தான் பிறந்ததிலிருந்து பயற்றம் பணியாரத்தைக் கடையில்தான் வாங்குவதாக அவர் மெதுவாகச் சொன்னார். சும்மா இருக்க வேண்டாமே என்று நான் என் அச்சை எடுத்து எங்கள் ஊர் முறுக்கைப் பிழிந்தேன். சுகன்யா படலைப் பக்கம் பார்ப்பதும் பார்க்காதது போலத் திரும்புவதுமாக இருந்தாள்.

எண்ணெய் இரண்டாம் தடவை காய்ந்தபோது நாகேஸ் அக்கா வந்தார், எண்ணெய் வடிக்கும் தன் சொந்தக் கண்ணகப்பையோடு. அவருடன் ஒழுங்கையிலிருந்து இன்னும் மூன்று பெண்கள். வந்ததும் மாவைத் தொட்டுப் பார்த்து, இது சரிவராது என்று முழுவதையும் திரும்பப் பிசையவைத்தார். கை மறந்துவிட்டது என்று சொன்னவர், நம் அதிரசம் போன்ற அரியதரத்துக்குப் பாகு எடுத்த வேகத்தை நான் நின்று வேடிக்கை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வேலி ஓரமாகச் சர்மிளாவும் வந்தாள். மாமி கோயிலுக்குப் போய்விட்டதாகவும், தான் சும்மா எட்டிப் பார்க்க வந்ததாகவும் சொன்னாள். எட்டிப் பார்க்க வந்தவள் மத்தியானம் வரை சிப்பிப் பலகாரம் உருட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து சுகன்யாவின் மாமியார் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று அலசி முடித்தார்கள். என் முறுக்குக்கு இந்தியா முறுக்கு என்று பெயர் வைத்துத் தனி வாளியில் போட்டார்கள். அந்த வாளிதான் முதலில் காலியானது. பலகாரத்தில் கடைசி ஈடு எடுத்தபின் வசந்தா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர நேரமெடுத்தாள். யாரும் அவளைத் தேடிப் போகவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறன்று கலியாணம் நன்றாக நடந்தது. மண்டபம் நிரம்பவில்லை என்பதையும் எழுத வேண்டும். பெண் பக்கத்துக் கதிரைகளில் பின்வரிசைகள் வெறுமையாக இருந்தன. ஆனால் முன்வரிசையில் ஒழுங்கைப் பெண்கள் இருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா அவர்களைப் பார்த்துவிட்டு, இவை எல்லாம் உங்கடை அயலோ என்று வசந்தாவிடம் கேட்டார். ஓம் என்றாள் வசந்தா. சர்மிளா கணவரோடு வந்திருந்தாள். பரமேஸ்வரி அம்மா வரவில்லை. வசந்தா வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டில் பலகாரம் எடுத்து வேலிக்கு மேலால் சர்மிளாவிடம் கொடுத்தாள்.

புதன்கிழமை காலை நான் கிளம்பினேன். ஆட்டோ வந்து நின்றது. சுகன்யாவும் பிரதீபனும் கோப்பாயிலிருந்து ஒரு வாழைக்குலையோடு வழியனுப்ப வந்திருந்தார்கள். அதைக் கப்பலில் எடுத்துப்போக முடியாது என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பரமேஸ்வரி அம்மா தன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். என்னிடம் போய் வாங்கோ என்று சொல்லிவிட்டு வசந்தாவின் பக்கம் திரும்பினார்.

"வாற வெள்ளி எங்கடை அவற்றை திவசம். காய் வெட்ட ஆக்கள் காணாது. விடிய வா."

வசந்தா எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"ஆறு மணிக்கு. கத்தியும் கொண்டு வா. எங்கடை கத்தி வெட்டாது."

சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். பலகாரத்தைப் பற்றியோ கலியாணத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை.

கப்பலில் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் முகாம்காரர்கள் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். அவர்கள் நம் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள், நம்மோடு ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகிறோம், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வருகிறார்கள். இரண்டு பக்கமும் விருந்தாளியாகத்தான். திவசத்துக்குக் காய் வெட்ட ஒரு முகாம் பெண்ணை விடிகாலையில் கூப்பிட்டதாக எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் யாரும் இல்லை. சாப்பிடக் கூப்பிடுவது மரியாதை. வேலைக்கு ஆள் போதவில்லை, வா என்று உரிமையோடு கூப்பிடுவது வேறு ஒன்று. அதற்கு வசந்தா மூன்று வருடம் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தாள். ஒரு கூடை வாழைக்காயையும் அவளிடம்தான் தள்ளிவிட்டார்களாம். கறை கையை விட்டு இன்னும் போகவில்லையாம்.