இடப்பக்கம் திரும்பாத அம்மாவும் ஒரு வருடச் சந்தாவும்

எங்கள் வீட்டில் அப்போது டெலிவிஷன் கிடையாது. தெருவிலேயே ஒரு வீட்டில்தான் இருந்தது. அப்படியிருந்தும், டெலிவிஷன் திரையில் ஆடும் வீடியோ கேம்களைப் பற்றி மட்டுமே எழுதும் ஓர் ஆங்கில மாதப் பத்திரிகை, பம்பாயிலிருந்து என் பெயருக்கு வந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம்.

திருநெல்வேலியில் விடுதியில் தங்கிக் கணிதம் படித்தபோது, கல்லூரி நூலகத்தில் கிடந்த ஒரு வாரப் பத்திரிகையில் அதன் விளம்பரத்தைப் பார்த்திருந்தேன். பட்டம் வாங்கி ஊருக்கு வந்து, எம்ப்ளாய்மெண்டில் பதிந்துவிட்டு, தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கத் தொடங்கியதும் முதலில் செய்த வேலை அதற்குச் சந்தா கட்டியதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா விசைத்தறி ஓட்டினார். அம்மா வீட்டில் இராட்டை போட்டு, தறி நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துக்கூட வராது. ஒரு வரி விடாமல் நான் ஆங்கிலம் படிப்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அந்தப் பத்திரிகையை உட்கார்ந்து படித்ததாக நினைவில்லை. நாலு பக்கத்திலிருந்தும் தறிச் சத்தம் அடித்துக்கொண்டிருக்க, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே படிப்பேன். தபால்காரர் தெருமுனையில் திரும்பும் நேரம் வந்தால் கால் தரிக்காது. எதிர்வீட்டு மதினிக்கு அது தினமும் ஒரு வேடிக்கை.

"என்னட்டி, பம்பாய்க்காரன் இன்னும் வரலையா?"

"வருவான் மதினி. ஒங்களுக்கென்ன அவசரம்?"

"எனக்கென்ன? ஒங்கம்மா கிட்ட பந்தல் எப்பம் போடணும்னு கேட்டு வச்சுக்கிடலாம்லா."

சிரித்துவிட்டு உள்ளே வருவேன். அவள் வாயை அடைக்க அந்தப் பத்திரிகையில் எதுவும் இல்லை. எந்த விளையாட்டில் எந்த இடத்தில் குதிக்க வேண்டும், எந்தக் கதவுக்குப் பின்னால் எதிரி நிற்பான் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். நான் அத்தனையையும் மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு விளையாட்டைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

ஆடி பிறந்த சமயத்தில் வந்த இதழுக்குள் ஒரு சீட்டு இருந்தது. சந்தா முடிகிறது, புதுப்பிக்கவும் என்று போட்டிருந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைத் தமிழில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வருசத்துக்கா?"

"ஆமாப்பா."

"நான் வேண்டாம்னு சொல்லல. ட்யூசன் எடுத்து நீ கட்டுத. ஆனா வெளையாட்டு என்னன்னு சொல்லுததுக்கு ஒரு புத்தகம், அத நீ ஆடவும் இல்ல. இதுல என்ன பிரயோசனம்னு எனக்கு வெளங்கல. படிச்சவ நீ. நீயே யோசிச்சுச் சொல்லு. ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் நான்தான் ஜெயிப்பேன் என்றும் தெரியும். அவர் தீர்ப்பை என்னிடமே கொடுத்துவிட்டார். இந்த வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து கரண்ட் பில் வரை எதற்கும் என் சொல்தான் கடைசிச் சொல். பிரயோசனம் உண்டு என்று சொன்னால் அவர் அப்படியே நம்பிவிடுவார். அதுதான் பயமாக இருந்தது. தபசு முடிவதற்குள் எனக்கே ஒரு பதில் தெரிந்தாக வேண்டும்.

கொடி ஏறியதும் ஊர் முழுக்க ஆடிச்சுற்று சுற்றத் தொடங்கியது. கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கும் நாட்கள் அவை. அந்த வலியில் கொஞ்சத்தை நாமும் வாங்கிக்கொள்வது போல, வேண்டுதல் உள்ளவர்கள் கோவிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். அம்மாவும் எனக்காக வேண்டியிருந்தாள். வேலையோ மாப்பிள்ளையோ, எது முந்தி அமைந்தாலும் சரி என்பது வேண்டுதல். சுற்றுகளை எண்ணுவதற்குப் புளியங்கொட்டைகளை என் கையில் கொடுத்திருந்தாள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சுற்றும்போது ரத வீதி முனையில் ஒரு புதுத் தகரக் கொட்டகை கண்ணில் பட்டது. வளையல் கடைக்கும் அல்வாக் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே மரப்பெட்டி மேல் ஒரு டெலிவிஷன். பையன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த சுற்றில் என் நடை தானாகவே மெதுவானது. அதற்கடுத்த சுற்றில் நின்றேவிட்டேன்.

"என்னட்டி நின்னுட்ட? கால் வலிக்கா?"

"யம்மா, அதுதாம்மா. என் புத்தகத்துல வருதது."

திரையில் ஓடிக்கொண்டிருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். சந்து சந்தாகப் பிரியும் பாதைகள், நடுவில் ஒரு வீடு. அந்த வீட்டிலிருந்து நாலு பேய்கள் கிளம்பும். வீட்டுக்கு நேர் மேலே தொடங்கும் ஓர் உருண்டை முகம் பாதையில் கிடக்கும் புள்ளிகளைத் தின்றுகொண்டே தப்பிக்க வேண்டும். எல்லாப் புள்ளியையும் தின்றால் ஜெயம். பத்திரிகை இதற்கு நடுப்பக்கத்தில் முழுப்படம் போட்டு, எப்படிப் போனால் பேய் பிடிக்காது என்று அம்புக்குறி இட்டிருந்தது. இடப்பக்கம் திரும்பி, வீட்டைச் சுற்றி, சுற்றைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும்.

கூட்டத்தில் என்னிடம் ட்யூஷன் படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். "ஏலே, தள்ளுங்கல, எங்க டீச்சருக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று கத்திவிட்டான். கொட்டகைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அப்படியா தங்கச்சி? வாங்க, ஒரு ஆட்டம் ஆடுங்க."

எல்லாக் கண்ணும் என் மேல். உருண்டை முகத்தைத் திருப்பும் அந்தப் பிடியை நான் தொட்டதுகூட இல்லை. முதல் பேயிடமே மாட்டிக்கொண்டால் நாளைக்கு எந்த முகத்தோடு அந்தப் பையனுக்கு அல்ஜீப்ரா சொல்வது? நான் முழிப்பதைப் பார்த்து அம்மா முன்னால் போனாள்.

"நீ சொல்லு, நான் பிடிக்கேன். இராட்டையவிடவா இது?"

பையன்களுக்கு ஒரே குஷி. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பிடியைப் பற்றினாள். ஆட்டம் தொடங்கியது.

"எடப்பக்கம்மா! எடப்பக்கம்!"

முகம் வலப்பக்கம் போனது. பேய் விழுங்கியது. மூன்று உயிரில் ஒன்று போனது.

"எடப்பக்கம்னு சொன்னேம்லாம்மா?"

"சொன்ன. நடுவுல வீடு இருக்குலா? அத எடமாவா சுத்தச் சொல்லுத? அதும் ஆடிச்சுத்து நாள்ல!"

"அது பேய் வீடும்மா."

"பேய் இருந்தா என்ட்டி, சாமி இருந்தா என்ட்டி? சுத்துதது வலமாத்தான்."

ஒரு பையன் சிரித்துச் சிரித்து வளையல் கடைத் தட்டியில் போய் முட்டினான். அம்மா கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது உயிரும் வலப்பக்கம்தான் போனது, அதுவும் போய்ச் சேர்ந்தது. மிச்சம் ஒன்றுதான். எனக்கு அழுகை வரும் போல் ஆத்திரம். அத்தனை மாதங்கள் நெட்டுருப் போட்ட அம்புக்குறிகள் கண்முன்னால் வீணாகிக்கொண்டிருந்தன. அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான், பிரயோசனம் இல்லை, என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. திரையின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றேதான். ஆட்டத்தைச் செய்தவன் கண்ணாடியில் பார்த்தது போல அப்படியே திருப்பிப் போட்டிருந்தான். பேய்களுக்கு நாம் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான், துரத்துவதுதான் வேலை. அப்படியானால் அம்புகளை எல்லாம் புரட்டிவிட்டால் என்ன?

"யம்மா, ஒன் இஷ்டத்துக்கு வலமாவே போ. நான் சொல்லுத எடத்துல மட்டும் திரும்பு."

பத்திரிகை இடம் என்ற இடத்திலெல்லாம் நான் வலம் என்றேன். வலம் என்ற இடத்தில் இடம் என்றேன். மனதுக்குள் படம் ஒரு பக்கமும் வாய் மறு பக்கமும் ஓடியது. அம்மாவின் கைக்கு அது சிரமமாகவே இல்லை. வீடு வலப்பக்கம் இருக்கிறவரை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் திரும்பினாள். பையன்கள் சத்தம் அடங்கிப் போனது. பேய்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன, எட்டவில்லை. கடைசிப் புள்ளியைத் தின்றதும் திரை மின்னியது.

கொட்டகையே அதிர்ந்தது. நான் இரண்டு கையையும் தட்டிக் குதித்துவிட்டேன். கொட்டகைக்காரர், "யக்கா, நீங்க இங்கனயே வேலைக்கு இருந்துக்கிடுதீங்களா?" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே பிடியை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, இனி நீ பிடி."

பிடித்தேன். அடுத்த திரையில் பேய்கள் இன்னும் வேகம். பத்துப் பன்னிரண்டு புள்ளி தின்பதற்குள் என்னைப் பிடித்துவிட்டன. ட்யூஷன் பையன் "ஐயே டீச்சர்" என்றான். அது எனக்கு உறைக்கவே இல்லை. நான் அசைத்த பக்கம் அந்த முகம் திரும்பியது. அதுதான் கைக்குள் நின்றது. ஒரு வருடமாக யாரோ எங்கோ ஆடியதையே படித்துக்கொண்டிருந்தவள், நான் நினைத்து ஒன்று அசைவதை அன்றுதான் பார்த்தேன். இது எப்படி அசைகிறது, உள்ளே யார் என்ன எழுதி வைத்தால் இப்படித் திரும்பும் என்று தலைக்குள் பரபரவென்று ஓடத் தொடங்கியது.

"ஏட்டி, கொட்டை எங்க?" என்றாள் அம்மா.

கை இரண்டும் காலி. குதித்ததில் புளியங்கொட்டைகள் பையன்கள் காலடியில் சிதறிக் கிடந்தன.

"எத்தனை சுத்துனோம்?"

கணிதப் பட்டதாரிக்குத் தெரியவில்லை. "சரி, நட. மொதல்லருந்து சுத்துவோம்" என்று அம்மா சேலையை உதறிக்கொண்டு நடந்தாள். அன்று அவளைவிட நான்தான் வேகமாக நடந்தேன். "மெதுவா போட்டி, சாமி எங்கயும் ஓடிப் போகாது" என்று பின்னாலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது.

தபசுக் காட்சி முடிந்த மறுநாள் அப்பா தானாகவே கேட்டார்.

"என்ன முடிவு பண்ணுன?"

"வேண்டாம்ப்பா. நிறுத்திருவோம்."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன் நிறுத்தணும்? அதப் படிச்சதுனாலதான அத்தன பேய்கிட்டருந்தும் தப்புனோம்?"

"படிச்சது வீண் இல்லம்மா. ஆனா இன்னொரு வருசமும் படிச்சிக்கிட்டே இருக்க முடியாது. யப்பா, திருநெல்வேலியில கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்காங்களாம். அந்தச் சந்தாவையும் ட்யூசன்ல வருததையும் சேத்து அங்க கட்டுதேன். தெனமும் பஸ்ல போயிட்டு வந்துருதேன்."

அப்பா புதுப்பிக்கும் சீட்டைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்கே கட்டு. ரெண்டு வருசத்துக்குன்னாலும் கட்டு. நான் ஒண்ணும் சொல்லல."

"அன்னைக்குப் பிரயோசனம் வெளங்கலன்னீங்க?"

"புத்தகம்னா அது வீட்டுக்கு வரும். கிளாஸ்னா நீயில்லா போணும்?"

அம்மா இராட்டையை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். நான் சீட்டை வாங்கவில்லை.

"நீங்கதான என்னையே யோசிச்சுச் சொல்லச் சொன்னீங்க. யோசிச்சுட்டேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தறிக்குப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. பொழுது சாய்ந்து திரும்பி வந்து, என்னிடம் பேசாமல், அடுப்படியில் இருந்த அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார்:

"காலம்பற போற பஸ்ஸுல டீச்சர்மாரு மூணு நாலு பேரு போறாங்களாம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு முன்னால சீட்டு குடுப்பாராம் கண்டக்டர். கேட்டுட்டு வந்தேன்."