தலையில் மிதித்தால் நிற்கும் வண்டி

பாரிஸில் ரூ பஜோல் தெருவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அரியரத்தினத்துக்கு ஐம்பத்தேழு வயது. ஆள் கட்டை. விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டிகளைத் திருத்துவது வேலை. சனிக்கிழமைகளில் மனிதரை வீட்டில் பார்க்க முடியாது. நகரத்துக்கு வெளியே கூசேன்வில்லில், பழைய ராணுவ வண்டிகளை மறுபடி ஓட வைக்கும் சங்கம் ஒன்றின் கொட்டகையில், நூறு வயது தாண்டிய ஒரு சின்ன டாங்கியின் அடியில் மல்லாந்து கிடப்பார். நாலு வருடமாக இதே கூத்து. “கட்டினது என்னையோ, அந்த இரும்பையோ?” என்று மனைவி யோகராணி கேட்காத சனிக்கிழமை இல்லை. கேட்டுக்கொண்டே சாப்பாடும் கட்டிக் கொடுத்துவிடுவார்.

ஒருநாள் மட்டும் அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. “அதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். நீங்கள் ஏன் அதைத் தேடிப் போறியள்?”

அரியரத்தினம் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தபடி சொன்னார். “ஓடேக்கை நான் அதைத் திரும்பிப் பாக்கேல்லை. ஒருக்கா, நான் நில் எண்டு சொல்ல அது நிக்கவேணும். அவ்வளவுதான்.”

இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் டாங்கிச் சத்தம் கேட்டு, செருப்பையும் விட்டுவிட்டு வேலி பாய்ந்தவர் அவர். அந்த ஆசை எனக்கு விளங்குகிறது.

டாங்கியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. முதல் உலகப் போரில் முதலில் வந்த டாங்கிகள் வீடு மாதிரிப் பெரியவை. சேற்றில் புதைந்தால் அதோடு சரி. 1917இல் பிரெஞ்சுக்காரர் சின்னதாக ஒன்று செய்தார்கள். இயந்திரம் பின்னுக்கு, ஓட்டுகிறவர் முன்னுக்கு, நடுவில் சுற்றிவரத் திரும்பும் கோபுரம், அதற்குள் சுடுகிறவர். இரண்டே பேர். அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் ரெட்ஸ் காட்டோரம் போரில் இறக்கினார்கள். பிறகு தேனீக் கூட்டம்போல அனுப்பினார்கள். இன்றைக்கு ஓடும் டாங்கிகளுக்கும் பெரும்பாலும் அந்த அமைப்புத்தான். ஆனால் உள்ளே இருக்கிற இரைச்சலில் ஒரு சொல் பேச முடியாது. அதனால் கோபுரத்தில் நிற்பவர் முன்னால் இருப்பவரைக் காலால் உதைத்துத்தான் வழி சொல்ல வேண்டும். முதுகில் உதைத்தால் போ. இடது தோளில் உதைத்தால் இடப்பக்கம், வலது தோளில் உதைத்தால் வலப்பக்கம். தலையில் மிதித்தால் நில்.

வில்லங்கம் இங்கேதான். சங்கத்தில் அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர் லூசியன் ஒருவர்தான். புதுச்சேரிக்காரர், ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர், எழுபத்திரண்டு வயது. வயதில் மூத்தவர் மேல் தெரியாமல் கால் பட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கை அரியரத்தினத்தின் கை. அதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை.

முதல் ஓட்டத்தில் அரியரத்தினம் கோபுரத்தில் நின்று, லூசியனின் இடது தோளில் மெல்ல உதைத்தார். வண்டி இடப்பக்கம் திரும்பியது. உடனே கை தானாகப் போய் அதே தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. லூசியன் அதையும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இடப்பக்கம் திருப்பினார். உதை, தொடல், உதை, தொடல் என்று வண்டி களத்தில் சூடு மிதிக்கிற மாடு மாதிரி வட்டம் போட்டது. நிறுத்துவதற்குத் தலையில் கால் வைக்க வேண்டும். அரியரத்தினத்தின் கால் தலைக்கு மேல் நின்றதே தவிர, இறங்கவில்லை. சங்கத்தார் காப்பி வைத்திருந்த மேசையை ஏறி நசுக்கி, வேலியில் முட்டித்தான் வண்டி நின்றது.

சங்கத் தலைவர் ஒலிவியே கோபக்காரர் அல்லர். இருந்தாலும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: அடுத்த சனிக்கிழமை, தரையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்று காட்சியில், கோபுரத்தில் சங்கத்து இளைஞன் டேமியன் நிற்பான். நாலு வருடம் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பூட்டினவர் பார்வையாளர்களோடு கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டும். அரியரத்தினத்துக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை லூசியன் வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னறையில் தாழ்வான முக்காலியில் அவர் இருக்க, பின்னால் கதிரையில் அரியரத்தினம். ஒத்திகை.

“ரத்தினம், என் சம்சாரம் ஜெனவியேவ் நாற்பது வருஷமா வாயாலேயே ஒதைக்கிறா. அதுக்கு முன்னால இது என்னங்க? தாராளமா ஒதைங்க.”

“நீங்கள் சொல்லுவியள் அண்ணை. கால் கேக்குதில்லையே.”

உதைத்தார். கை போனது. மறுபடி உதைத்தார். மறுபடி கை போனது. தேத்தண்ணி கொண்டுவந்த யோகராணி இதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. மனிதரின் முகம் வாடியிருப்பது அவருக்குத்தான் தெரியும்.

“உதைக்கிறது பிழையில்லை, மன்னிப்புக் கேக்கிற நேரந்தான் பிழை,” என்றார். “ஏற முதலே எல்லா உதைக்கும் சேத்துக் கேட்டுப்போட்டு ஏறுங்கோ. உள்ளை போனாப் பிறகு பாக்கி இருக்காது.”

லூசியன் திரும்பி அவரைப் பார்த்தார். “நாலு வருஷமா உங்கள ஏன் சங்கத்துல சேக்கல?”

சனிக்கிழமை சங்கத்தார் முழுப்பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அரியரத்தினம் லூசியனின் இரண்டு தோளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகு தோல் தொப்பிக்கு மேல் உச்சந்தலையையும் தொட்டு ஒற்றினார். லூசியன் ஒரு பாதிரியார் மாதிரி அசையாமல் நின்றார். ஒலிவியேவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் ஏறினார்கள்.

முதுகில் ஒரு உதை. போனது. வலது தோளில் ஒரு உதை. திரும்பியது. கை கைப்பிடியை விட்டு அசையவில்லை. வெள்ளைக் கோடு நெருங்கியது. அப்போதுதான் அந்த இரைச்சல் காதில் ஏறியது. இவ்வளவு நாளும் பழுது பார்க்கிறவனின் காதால் கேட்ட சத்தம், ஊர் வேலிக்குப் பின்னால் கேட்ட பழைய சத்தமாக மாறியது. அரியரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுபத்திரண்டு வயதுத் தலையில் முழுப் பாதத்தையும் வைத்து மிதித்தார்.

வண்டி குலுங்கி நின்றது. கோட்டுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.

ஒலிவியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, காட்சிப் பட்டியலில் அரியரத்தினத்தின் பெயரை எழுதிக்கொண்டார். அரியரத்தினம் இறங்கி யோகராணிக்குப் போன் எடுத்தார்.

“நிண்டுட்டுது,” என்றார்.

“அண்டைக்கு எங்கடை ஊர் ஒழுங்கையிலையும் இப்பிடி நிண்டிருந்தால்…” என்று தொடங்கிய யோகராணி நிறுத்திக்கொண்டார். “சரி. அண்ணைக்குத் தலை நோகுதோ எண்டு கேளுங்கோ.”

கேட்டார். லூசியன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல. ஏறுங்க ரத்தினம், இன்னொரு தரம் நிறுத்திப் பாக்கலாம்.”