நாலாவது மஞ்சள்

விலைச்சீட்டின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளப்பினார். மேலே இருக்கும் மஞ்சள் தள்ளுபடிச் சீட்டு கிழியக் கூடாது. அடியில் இருக்கும் பழைய விலையும் தெரிய வேண்டும். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் அவர் வெட்டாமல் விட்டிருப்பது இதற்காகத்தான். மஞ்சளுக்கு அடியில் ஒரு மஞ்சள், அதற்கும் அடியில் இன்னொன்று, கடைசியில் வெள்ளை. சீட்டை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு, நாடி பார்த்து முடித்த வைத்தியர் போல நிமிர்ந்தார்.

“மூணு மஞ்சள்தான் ஆகியிருக்கு. இன்னும் ஒண்ணு இறங்கும்.”

அது பலகையை இழைக்கும் மெஷின். கடையில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்று.

மரவேலைக் கருவிகள் விற்கும் அந்தப் பெரிய கடையில் வியாழக்கிழமை காலையில்தான் தள்ளுபடிச் சீட்டு மாற்றுவார்கள். ஷட்டர் இடுப்பளவு ஏறும்போதே குனிந்து நுழைந்துவிடுவதால் ஊழியர்கள் அவருக்கு ‘வியாழன் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்தரைக்கு அவர் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அறுக்கிற கை.

விலையைப் பற்றி அவரிடம் சித்தாந்தமே உண்டு. “முதல் மஞ்சள் கடைக்காரன் பேசறது. ரெண்டாவது மேனேஜர் பேசறது. மூணாவது குடோன்ல இடம் இல்லேன்னு அழறது. நாலாவது மஞ்சள்தான், மெஷினே வாயைத் திறந்து என்னைக் கூட்டிட்டுப் போன்னு சொல்றது.” விலை ஒன்பதில் முடிந்தால் கடைக்காரனுக்கு இன்னும் ஆசை விடவில்லை என்று அர்த்தம், ஏழில் முடிந்தால் கைகழுவிவிட்டான்.

வாங்கியதும் சீட்டை முழுசாக உரித்து, சட்டைப்பையில் இருக்கும் குறிப்பேட்டில் ஒட்டிக்கொள்வார். பக்கத்துக்கு ஒரு மெஷின். பதிமூன்று பக்கம் நிரம்பியிருக்கிறது. வீட்டுக் கூடத்தில் பதிமூன்று பெட்டிகளும் பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. வட்ட ரம்பப் பெட்டி மேல்தான் அவர் மனைவி காய் நறுக்குகிறார். ஏன் எதையும் தொடவில்லை என்று கேட்டால் பதில் தயார்: “இழைக்காத பலகையை அறுத்து என்ன பண்றது? முதல்ல இழைப்பு மெஷின் வரட்டும்.”

பலகைகளும் உண்டு. மகள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது சாப்பாட்டு மேசை செய்கிறேன் என்று வாங்கிச் சுவரில் சாய்த்தவை. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் எடுக்கப் போகும் வீட்டார் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார்கள்.

“ஏங்க, இந்தத் தடவையாவது மேசை நிக்குமா? இல்ல, சம்பந்தியை டிரில்லிங் மெஷின் மேல உக்கார வைக்கப் போறீங்களா?” என்று மனைவி கேட்டிருந்தார். பள்ளி அலுவலகத்தில் வேலை. ஒரு விண்ணப்பத்தை இரண்டு முறைக்கு மேல் திருப்பி அனுப்பாதவர்.

“வியாழக்கிழமை மெஷின், ஞாயித்துக்கிழமைக்குள்ள மேசை” என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அது இந்த வியாழனா, அடுத்த வியாழனா என்று சொல்லவில்லை.

இந்த வியாழக்கிழமை அவர் செய்த காரியம் இது. இப்படியும் அப்படியும் பார்த்தார். மெஷினை மார்போடு அணைத்துத் தூக்கி, பெயின்ட் வாளிகள் அடுக்கியிருந்த வரிசைக்குப் போய், கீழ்த்தட்டில் வெள்ளை வாளிகளுக்குப் பின்னால் வைத்து மறைத்தார். ஒரு வாரம் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும், நாலாவது மஞ்சள் விழுந்துவிடும். “பெயின்டுக்கு இவங்க தள்ளுபடியே போட மாட்டாங்க. ஒரு பய அங்க குனிய மாட்டான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை குனிந்து நுழைந்தபோது அந்த வரிசையே இல்லை.

சீட்டு ஒட்டும் பெண் கையில் ஒட்டும் கருவியோடு நின்றிருந்தார். “பெயின்ட் கம்பெனியையே மாத்திட்டாங்க சார். நேத்து சாயங்காலம் வாளியெல்லாம் பாதி விலை. அள்ளிட்டுப் போயிட்டாங்க. பின்னாடி பார்த்தா ஒரு இழைப்பு மெஷின். யாரோ கூறுகெட்டவங்க வச்சிருக்காங்க.”

“அதை என்ன பண்ணே?”

“இன்னிக்கு ஒட்ட வேண்டிய சீட்டை அப்பவே ஒட்டிட்டேன். ஒட்டின கை காயல, வித்துடுச்சு.”

“எவ்வளவு?”

விலையைச் சொன்னார். ஏழில் முடிந்தது. அன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று லென்ஸ் வீணாயின.

மாலையில் வீட்டு வாசலில் இழைத்த மரச்சுருளில் கால் புதைந்தது. சுவரில் சாய்ந்திருந்த பலகைகள் முற்றத்தில் வழுவழுவென்று கிடந்தன. வட்ட ரம்பப் பெட்டி பிரிக்கப்பட்டு, அட்டை மடித்து ஓரமாக இருந்தது. ஒரு தச்சர் அந்த ரம்பத்தை வைத்து மேசைக்கால் அறுத்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமையே இவர்கிட்ட சொல்லிட்டேன்” என்றார் மனைவி. “நீங்க மெஷினோட வந்தா இவரைத் திருப்பி அனுப்பிக்கலாம்னு இருந்தேன்.”

“பழைய மெஷின் எரிஞ்சு போச்சு சார்” என்றார் தச்சர். “கை இழைப்புளியில இத்தனை பலகையை இழைச்சா ஞாயிறுக்கு முடியாது. நேத்து பெயின்ட் வாங்கப் போன இடத்துல ஒண்ணு கண்ணுல பட்டுது. யாரோ எனக்குன்னே எடுத்து வச்ச மாதிரி இருந்துது.” பிறகு மனைவியைப் பார்த்து, “ஆமா அக்கா, உள்ள இத்தனை மெஷின் புதுசா கிடக்குதே, சார் கடை வைக்கப் போறாரா?”

“அதெல்லாம் அவரைத்தான் கேக்கணும். சனிக்கிழமை முடிஞ்சிடுமா?”

“மத்தியானமே மேசை நிக்கும்.”

அவர் பலகையைப் பார்க்கவில்லை. இழைப்பு மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மேலே படிந்திருந்த மரத்தூளை ஊதினார். நாலாவது மஞ்சள். ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார்.

“அது கிடக்கட்டும் சார், வேலைக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல” என்றார் தச்சர்.

சீட்டு கிழியாமல் எழுந்து வந்தது. சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பதினாலாம் பக்கத்தில் மெஷினின் பெயர் ஒரு வாரமாகவே எழுதியிருந்தது. கீழே வெறுமையாக விட்டிருந்தார். அங்கே சீட்டை நேராக வைத்து, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.